கடைசி வரப்புக்கும் முதல் மரத்துக்கும் நடுவே

காட்டுத் தீ என்றதும் பலருக்கும் எரிகிற மலைமுகடு நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில் பல ஆண்டுகளாகத் தீயணைப்புப் பணியில் இருக்கும் எனக்கு நினைவுக்கு வருவது அடிவாரம். கடைசிப் பட்டா நிலத்தின் வரப்புக்கும் காட்டின் முதல் மரத்துக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடக்கும். அதில் காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் இடுப்பளவுக்கு நிற்கும். அது வனத்துறை இடம் என்று தோட்டக்காரர் ஒதுங்கிக்கொள்வார். வனத்துறையினருக்கோ காக்க வேண்டிய காடு பெரிது, ஆள் குறைவு. யாரும் அரிவாள் வைக்காத அந்தத் துண்டில்தான் நான் போய் நின்ற தீவிபத்துகளில் பெரும்பாலானவை தொடங்கின. காட்டிலிருந்து ஊருக்கு வந்த தீயைவிட, ஊரிலிருந்து காட்டுக்கு ஏறிய தீயையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த மலையின் வாகு அப்படி. முகட்டுக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, போடி, கம்பம், கூடலூர்ப் பக்கத்துச் சரிவுகள் மழை மறைவில் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளரும் புல், தை பிறந்ததும் காயத் தொடங்கி மாசியில் சருகாகிவிடும். எலுமிச்சைப் புல்லில் தைலமும் சேர்ந்திருப்பதால் அது பற்றும் வேகமே தனி. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசும். சரிவில் ஏறும் தீ தனக்கு முன்னால் நிற்கும் புல்லைத் தன் அனலாலேயே உலர்த்திக்கொண்டு போகும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் துறையில் சொல்லப்படும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்குச் சென்று குரங்கணி நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்ததும் இத்தகைய புல்வெளித் தீதான். 23 உயிர்கள் போயின. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, அவை தேவையானவையே. ஆனால் மலையேற வருபவர்களைத் தடுப்பது போல, அடிவாரத்தில் வைக்கப்படும் நெருப்பையும் தடுத்துவிட்டோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு பங்குனி மாத நண்பகலில் வந்த அழைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. மலையை ஒட்டிய தோட்டத்தில் ஒரு பெரியவர் காலை பத்து மணிக்கு மேல் மாஞ்சருகைக் கூட்டி, எல்லையோரத்தில் குவித்துத் தீ வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர்கூட வைத்திருந்தார். காற்று திரும்பியதும் தீ வரப்பைத் தாண்டிப் புல்லில் விழுந்து, அங்கிருந்து அடுத்த இலவந்தோப்புக்குப் போய்விட்டது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு தொங்கும் பருவம் அது. மரத்தில் பற்றிய பஞ்சு ஒவ்வொரு கொத்தாகப் பிய்ந்து, எரிந்துகொண்டே மிதந்து, பன்னிரண்டு அடி வண்டிப்பாதையைச் சர்வசாதாரணமாகக் கடந்து மறுபக்கத்துச் சருகில் இறங்கியதை நான் நின்று பார்த்தேன். ஒன்றை மிதித்து அணைத்தால் பின்னால் மூன்று விழுந்தன. எங்கள் வண்டியில் 4500 லிட்டர் தண்ணீர் இருந்தது. ஆனால் வண்டி பாதையோடு நின்றுவிட்டது, தீ மலைக்கு ஏறிவிட்டது. பிறகு வனக்காவலர்களும் ஊர்க்காரர்களுமாகப் பச்சைக் கொப்புகளை ஒடித்து அடித்து, இருட்டிய பின்புதான் அதை அடக்க முடிந்தது. “பத்து நிமிச வேலைன்னு நெனச்சுதான்யா வச்சேன்” என்று அந்தப் பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. விடியற்காலையில் பனி ஈரத்தோடு வைத்திருந்தால் அது பத்து நிமிட வேலையாகவே முடிந்திருக்கும்.

அவரைப் போன்றவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. புதுப்புல் துளிர்த்தால் மாடு மேயும் என்று வைப்பவர்கள் உண்டு. பன்றி அண்டாமல் இருக்கப் புதரைக் கொளுத்துபவர்கள், தேனெடுக்கப் புகை மூட்டிவிட்டுப் பந்தத்தை அப்படியே போட்டு வருபவர்கள், மலையில் தீப்பிடித்தால் மழை வரும் என்று உறுதியாக நம்புபவர்கள் என எல்லாரையும் சந்தித்திருக்கிறேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவது வனச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தை மட்டும் சொன்னால், தீ கைமீறும்போது பயத்தில் யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை. வைத்தவரே முதலில் 101-க்கு அழைத்தால்தான் எங்களுக்கு அந்த முதல் அரைமணி நேரம் கிடைக்கும். சருகை எரிக்காமல் மா, தென்னை மூட்டில் மூடாக்காகப் போட்டால் ஈரம் தங்கும், மட்கி உரமாகும் என்பதை ஒரு தோட்டத்தில் செய்து காட்டுவது பத்துக் கூட்டங்களில் பேசுவதைவிடப் பலன் தருகிறது.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டுத் தீயில் வீடு எரிவது பெரும் தீச்சுவர் வந்து மோதுவதால் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன், 1990-களின் இறுதியில் கனடாவில் மரங்களின் உச்சி வரை எரிந்த சோதனைத் தீக்களுக்கு எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார். 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றிக்கொண்டன. 30 மீட்டரில் நின்றவை கருகக்கூட இல்லை. காற்றில் பறந்து வரும் தீப்பொறியும், அது விழுந்து பிடித்துக்கொள்ள வீட்டைச் சுற்றி நாம் வைத்திருக்கும் பொருள்களுமே வீட்டை எரிக்கின்றன என்பது அவர் முடிவு. அங்குள்ள ஊசியிலைக் காடு வேறு, நம் காடு வேறு. ஆனால் கிடுகுக் கூரையும், சுவரோடு சாய்த்த விறகும், தொழுவத்தை ஒட்டிய வைக்கோல் படப்பும், மூட்டை மூட்டையாகத் திண்ணையில் அடுக்கிய இலவம்பஞ்சும் உள்ள நம் அடிவாரக் குடியிருப்புகளுக்கு அந்தப் பாடம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். மாசி தொடங்குமுன் ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, விறகையும் வைக்கோலையும் வீட்டை விட்டு எட்ட நகர்த்தினாலே போதும், பாதி ஆபத்து குறைந்துவிடும்.

எல்லை என்பது இன்னொரு சிக்கல். இந்தச் சரிவில் பிடித்த தீ முகட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களும் சோலைக்காடும். அந்தத் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் வேலைக்குப் போகிறவர்களில் நம் பெண்கள் ஏராளம். மேலே புகையை முதலில் பார்ப்பது அவர்கள்தான். எந்த மாநிலத்தில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மாலை வீடு திரும்பித்தான் சொல்கிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலில் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மக்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று இறக்குகின்றன. அந்த ஒருங்கிணைப்பு மாசி முதல் சித்திரை வரை தீக்கும் வேண்டும். ஜீப் ஓட்டுநர்களின் கைப்பேசியில் இரு பக்கத்து வனச்சரக எண்களும் இருக்க வேண்டும். இந்திய வன அளவீட்டு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தரும் தீ எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாகப் பெற யாரும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனாலும் செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்துக்கு முன்பே ஒரு கண் பார்த்துவிடும்.

காட்டுக்குள் தீயில் சிக்கிக்கொண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். பாறையோ, ஓடையோ, ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ பக்கத்தில் இருந்தால் அங்கே போய்விடுங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டும். காட்டுக்குப் போகிறவர்கள் பருத்தி உடுத்துவது நல்லது.

அடிவாரத்தில் ஒரு சிற்றூரில், பொங்கல் முடிந்த வாரத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் எனச் சேர்ந்து, வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த நடுத்துண்டை முப்பதடி அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கிவிடுகிறார்கள். அறுத்த புல்லும் சருகும் தென்னை மூட்டுக்குப் போகின்றன. ஒரு பங்குனி இரவில் மேலே பிடித்த தீ மெல்ல அந்த ஊர் நோக்கி இறங்கியது. கீழ்நோக்கி வரும் தீ நிதானமாக, முழங்காலுக்குக் கீழான சுடரோடுதான் வரும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கைந்து பேர் செதுக்கிய தடத்தில் கொப்புகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். தடத்துக்கு மேலே மண்ணெல்லாம் கரி. கீழே இலவங்காய்கள் வெடித்தபடி மரத்திலேயே தொங்கின. ஓர் அம்மா எங்களுக்குச் சொம்பில் நீச்சத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். வண்டியில் இருந்த தண்ணீரை நாங்கள் திறக்கவே இல்லை.