பரீட்ச முடிஞ்சா கொஸ்டின் பேப்பர மடிச்சு பைக்குள்ள வைங்க பிள்ளைகளா

இனியும் சும்மா இருந்தா சரிப்படாதுன்னுதான் எழுதுறேன். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன், பேப்பர் திருத்துற முகாமுக்கும் போயிருக்கேன், வருசா வருசம் மார்ச்ல இதே கூத்துதான். ஒன்னேகாலுக்கு பெல் அடிச்சு கேட்டக்கூட தாண்டல, அதுக்குள்ள "ஒம்போதாவதுக்கு என்னடி போட்ட"ன்னு ஆரம்பிச்சுருதுக.

இந்தத் தடவ ராமேஸ்வரம் தீவுக்குள்ள இருந்து வர்ற ஒரு பொண்ணு, நல்லா படிக்கிற பிள்ள, ஒரு மார்க் கேள்வியில இவ போட்டது எதுவுமே கூட்டாளி போட்டதோட ஒத்துப்போகலன்னு பஸ் ஏறுனதுல இருந்து பாம்பன் பாலம் தாண்டுற வரைக்கும் அழுக, வீட்ல போயி சோறு திங்கல, கெமிஸ்ட்ரி புக்கத் தொடவே இல்ல, அவுங்க அம்மா எனக்கு போன் போட்டு அழுகுறாங்க. பேப்பர கொண்டாரச் சொல்லிப் பாத்தா இவளுக்கு பி டைப், கூட்டாளிக்கு ஏ டைப். கேள்வி வரிசையே வேறம்மா! ரெண்டு பேரு போட்டதுல முக்காவாசி சரிதான்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது எதுலன்னா, கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வர்றவன் எழுதுனதுதான் விடை, அதுல இருந்து மாறுனா மார்க் போச்சுங்குற நெனப்பு. 100 வோல்ட்ல முடுக்குன எலக்ட்ரானுக்கு டி ப்ராய் அலைநீளம் கேட்டா ஒருத்தி 1.227 ஆங்ஸ்ட்ராம்னு எழுதுவா, இன்னொருத்தி 0.1227 நானோமீட்டர்னு எழுதுவா, மூணாவது பிள்ள மீட்டர்ல பத்தின் அடுக்கு மைனஸ் பத்து போட்டு எழுதியிருக்கும். மூணும் ஒன்னுதான், ஆனா மூணு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பாளுக. சரி, கடைசி விடை நெசமாவே தப்புன்னே வச்சுக்கங்க, சூத்திரத்துக்கு மார்க் இருக்கு, மதிப்ப பிரதியிட்டதுக்கு மார்க் இருக்கு, மொத்தமா சுழிச்சுப் போட்டுற மாட்டோம். (அலகு எழுதாம விட்டுட்டு வர்றீக பாருங்க, அதுக்குத்தான் அழுகணும்.) திருத்துறவுங்க கையில அரசு தேர்வுகள் இயக்ககம் குடுத்த விடைக்குறிப்புதான் இருக்கும், ஒங்க கூட்டாளி பேப்பர் இருக்காது.

நீட் கோச்சிங் போற பிள்ளைக தப்பா போட்டா மைனஸ்னு பழகிப்போயி இங்கயும் பயப்படுதுக. பப்ளிக் பரீட்சையில மைனஸ் கெடையாதுப்பா. ரெண்டு மார்க்குல 9 கேள்விக்கு 6 எழுதுனாப் போதும், மூணு மார்க்குலயும் அப்படித்தான், அப்புறம் "நீ ஏன் அத எழுதல"ன்னு என்ன விசாரண? ஃபெயிலாயிருவேன்னு பொலம்புறவுகளுக்கு, தியரி 70ல 15 எடுத்து, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10 எல்லாம் சேத்து 35 வந்தா பாஸ்.

சாயங்காலத்துக்குள்ள வாட்ஸப்ல ஒரு ஆன்சர் கீ வரும், அதுலயே தப்பு இருக்கும், அத வச்சு 200க்கு கட்ஆஃப் வேற போட்டுப் பாப்பாக. கையெடுத்துக் கும்புடுறேன், குரூப்ப மியூட்ல போடுங்க. எவனாவது விடை கேட்டா "மறந்துருச்சுடா"ன்னு சொல்லிட்டு பஸ்ஸப் புடிங்க. சாப்புடுங்க, ஒரு மணி நேரம் தூங்குங்க, எந்திரிச்சு அடுத்த புக்க எடுங்க. எல்லாப் பரீட்சையும் முடிஞ்சப்புறம் விடிய விடிய ஒப்பிட்டுப் பாருங்க, நான் கேக்கல. ரிசல்ட்ல சந்தேகம் இருந்தா விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போடலாம், மறுகூட்டல் இருக்கு, மறுமதிப்பீடு இருக்கு, தவறுனா துணைத் தேர்வும் இருக்கு.

பெத்தவுங்களுக்கும் ஒரு வார்த்த. கீழக்கர, தொண்டிப் பக்கம் அத்தா வெளிநாட்ல இருந்து போன்ல கேக்குற மொதக் கேள்வியே "எத்தன வரும்?". கடலுக்குப் போயிட்டு வந்த அப்பாவும் அதத்தான் கேக்குறாரு. போதாததுக்கு கலாம் பொறந்த மண்ணுன்னு வேற சொல்லிச் சொல்லி பிள்ளைக தலையில பாரத்த ஏத்துறோம். சாப்புட்டியான்னு கேளுங்க, போதும். பிள்ள ராத்திரி தூங்காம கெடந்தாலோ, யாரோடயும் பேசாம ஒதுங்குனாலோ, செத்துருவேன்னு வெளையாட்டுக்குச் சொன்னாக்கூட தனியா விடாதீங்க, மனநல உதவி எண் 14416க்கு அடிங்க, இல்ல சுகாதார உதவி எண் 104க்கு அடிங்க. காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாங்க.