அமெரிக்கக் கொடியை எரித்தால் சிறையா?

தன் காசில் வாங்கிய அமெரிக்கத் தேசியக் கொடியை, வேறு எந்தச் சட்டத்தையும் மீறாமல் ஒருவர் எரித்தால், அமெரிக்காவில் அதற்குத் தண்டனை கிடையாது. பலரும் இதை நம்புவதில்லை. கொடி எரிப்பு பற்றி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முன்வைக்கப்பட்ட ஒரு மசோதாவும் கொடி எரிப்பைத் தடை செய்யப் போவதில்லை. வேறொரு குற்றத்தைச் செய்யும்போது கொடியையும் கொளுத்தினால், அந்தக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? 1984-இல் டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, எதிர்ப்பு ஊர்வலத்தில் கிரிகோரி ஜான்சன் என்பவர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடியை எரித்தார். யாருக்கும் அடிபடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எரிந்த மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். டெக்சாஸ் நீதிமன்றம் ஜான்சனுக்கு 1 ஆண்டு சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது: எரிப்பதும் ஒரு கருத்துதான், பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதற்குப் பாதுகாப்பு. கோபம் கொண்ட காங்கிரஸ் உடனே ஒரு சட்டம் போட்டது. 1990-இல் அதையும் நீதிமன்றம் அதே 5-க்கு 4-இல் செல்லாது என்றது. சாசனத்தையே திருத்தலாம் என்ற முயற்சி 2006-இல் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

நேர்வழி அடைபட்டதால் வந்ததுதான் இந்தப் பக்கவழி. ஒருவர் அரசுக் கட்டடத்தின் கண்ணாடியை உடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. உடைக்கும்போது கொடியையும் எரித்திருந்தால் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம்.

இது நீதிமன்றத்தில் நிற்குமா? ஆதரிப்பவர்கள் 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைக் காட்டலாம். இனத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்துத் தாக்கினால் தண்டனையைக் கூட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்ற வழக்கு அது. ஆனால் அங்கே கூடுதல் தண்டனை, தாக்கப்படுபவரை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு. இங்கே, கண்ணாடியை உடைத்த இன்னொருவர் கொடிக்குப் பதில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தியிருந்தால் அவருக்குக் கூடுதல் இல்லை. அப்படியானால் வித்தியாசம் தீயில் இல்லை, சொல்லவரும் கருத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று: கிழிந்து நைந்த கொடியை மரியாதையாக எரித்து அப்புறப்படுத்தச் சொல்வதே அமெரிக்கக் கொடி விதிகள்தான்! அதனால் இந்த மசோதா சட்டமானாலும் வழக்கில் தடுமாறும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கொடியைக் காட்டி ஒரு குறிப்பிட்ட ஆளை மிரட்டுவது, அங்கேயே அடிதடியைத் தூண்டிவிடுவது, இவற்றோடு மட்டும் சட்டத்தை நிறுத்திக்கொண்டால் கதை வேறு. மிரட்டலுக்கும் உடனடி வன்முறைத் தூண்டலுக்கும் முதல் திருத்தம் குடை பிடிப்பதில்லை.

சரி, கொடி எரிப்பு பற்றி 2025 ஆகஸ்ட் 25 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை? அது புதுக் குற்றம் எதையும் உருவாக்கவில்லை. அந்த அதிகாரம் காங்கிரஸுக்குத்தான். கொடி எரிப்போடு வேறு சட்டமீறலும் சேர்ந்தால், இருக்கிற சட்டங்களைக் கொண்டு முனைப்பாக வழக்குப் போடுங்கள் என்று அரசின் சார்பில் வழக்கு நடத்தும் நீதித் துறை அமைச்சகத்துக்குச் சொல்கிறது. அன்றைக்கே வெள்ளை மாளிகை எதிரில் உள்ள பூங்காவில் கொடியை எரித்த ஒருவர் கைதானார். பூங்காவில் தீ மூட்டியதற்காக.