வலிக்குக் கஞ்சா: குமரி மாவட்டத்தில் சட்டம் எதை அனுமதிக்கிறது, நீங்கள் எதைக் கேட்டுப் பெறலாம்

தீராத வலிக்காகக் கஞ்சா வாங்கவோ, வைத்திருக்கவோ, வீட்டில் வளர்க்கவோ ஒரு நோயாளிக்கு அனுமதி தரும் முறை தமிழ்நாட்டில் கிடையாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நோயாளிக்கு அட்டை கொடுக்கிறார்கள் என்பது உண்மை. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ, தாலுகா அலுவலகத்திலோ அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. "மெடிக்கல் கார்டு எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடிதான். கொடுத்துவிடாதீர்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. குலசேகரம், அருமனை பக்கம் விடியுமுன்னே டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்குத் தோளும் இடுப்பும் போய்விடுகிறது. குளச்சல் முதல் நீரோடி வரை வலை இழுத்தவர்களுக்கு முதுகு. முந்திரி ஆலையில் நாள் முழுக்கக் குந்தியிருந்து பருப்பு உடைத்த பெண்களுக்கு முழங்கால். கடையில் வாங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்ட பிறகு, "மக்கா, ரெண்டு இழுப்பு இழுத்துப் பாரு, வலி தெரியாது" என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார். அப்புறம் செல்போனில் கஞ்சா எண்ணெய் விளம்பரம் வேறு. வலியில் துடிக்கிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் எந்த இடத்தில் கால் வைக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கஞ்சா பற்றிய முக்கியமான சட்டம், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம். போலீஸ் நிலையத்தில் 'என்.டி.பி.எஸ்.' என்பார்கள். செடியின் பூ அல்லது காய் பிடித்த நுனிப்பகுதி இந்தச் சட்டத்தில் கஞ்சா. அதன் பிசின் சரஸ். நுனி சேராத தனி இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வராது. "இலை என்றால் கேஸ் கிடையாது" என்று ஊரில் பேசிக்கொள்வது இதை வைத்துத்தான். அந்தப் பேச்சை நம்பி இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் இருக்கிறது. அது கஞ்சா செடியின் இலையையும் போதைப் பொருளாகவே வகைப்படுத்துகிறது. வட மாநிலங்களில் சில இடங்களில் அரசு உரிமத்தோடு கஞ்சா இலையை அரைத்த பாங்கு விற்கிறார்கள் என்பதால் இங்கேயும் செல்லும் என்று ஆகாது.

தண்டனை அளவைப் பொறுத்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. நடுவில் இருப்பதற்கு 10 ஆண்டு வரை. கஞ்சா அடித்ததற்காக மட்டும் பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவற்றில் எதிலும் "வலிக்காகத்தான் வைத்திருந்தேன்" என்பதற்கு விலக்கு இல்லை. மருத்துவ, அறிவியல் தேவைக்கு என்று சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, அது உண்மை. அந்த வாசல் அரசு உரிமம் பெற்றவர்களுக்கானது. நோயாளி தானே நுழைய முடியாது.

பலரும் ஏமாறுவது மாடித் தோட்டத்தில். ஒரு செடிதானே, என் மருந்துக்குத்தானே என்று தொட்டியில் வைக்கிறார்கள். பயிரிடுவதற்கான பிரிவில் சிறிய அளவு, பெரிய அளவு என்ற படிநிலையே கிடையாது. 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் வளைகுடாவிலோ கப்பலிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. தாய்லாந்திலோ கனடாவிலோ கடையில் பில் போட்டு வாங்கிய எண்ணெய், மிட்டாய் எதுவானாலும், அதில் போதை தரும் டி.எச்.சி. இருந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கினால் அது கடத்தலாகிவிடலாம். அம்மாவின் மூட்டுவலிக்குக் கொண்டுவந்தேன் என்ற நல்லெண்ணம் சுங்க அதிகாரியிடம் எடுபடாது. வளைகுடா நாடுகளில் சட்டம் இதைவிடக் கடுமை.

சரி, சட்டப்படி கஞ்சா சேர்ந்த மருந்தே இல்லையா? இருக்கிறது, ஒரு குறுகிய வழியில். ஆயுர்வேதம், சித்தா, யுனானி மருந்துகளுக்கான சட்டப் பட்டியலில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய நச்சுத்தன்மை உள்ள சரக்குகளைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் முறைப்படி தயாரித்த மருந்தை, பதிவு பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவர் பரிசோதித்து எழுதித் தரலாம். தூக்கமின்மைக்கும் வலிக்கும் என்று சில தயாரிப்புகள் இப்படி விற்பனையில் உள்ளன.

அப்படி ஒரு குப்பி கைக்கு வந்தால் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, சரக்குகளின் பெயரும் அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். கஞ்சா சேர்ந்ததில் பெரும்பாலும் 'விஜயா' என்று போட்டிருப்பார்கள். மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கட்டாயம். இதில் ஒன்று இல்லையென்றாலும் அது மருந்து இல்லை, யாரோ காய்ச்சி ஊற்றிய எண்ணெய். மருத்துவச் சீட்டையும் பில்லையும் குப்பியோடு சேர்த்தே வைத்திருங்கள். பெரிய மருந்துக் கடையில் ஹெம்ப் விதை, விதை எண்ணெய் என்று பார்த்திருப்பீர்கள். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை உணவாக அனுமதித்தது. உணவாக மட்டுந்தான். அதில் போதையும் இல்லை, வலியைக் குறைக்கும் என்று சொல்லி விற்கவும் கூடாது.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுவது நல்லது. தமிழ்நாட்டில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி அது ஒன்றுதான், நம் ஊரிலேயே இருக்கிறது. கஞ்சா மருந்து தருவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வலிக்கு அது தேவையா, வேறு தைலமோ சிகிச்சையோ போதுமா என்று விற்பனை நோக்கமில்லாத ஒருவர் சொல்ல வேண்டும். வர்ம ஆசானிடம் தடவிக்கொள்வது தனி. அவர் பதிவு பெற்ற மருத்துவர் இல்லையென்றால் இந்த வகை மருந்தை அவர் தரவும் முடியாது, நீங்கள் வாங்கவும் கூடாது.

கஞ்சா உண்மையில் வலியைக் குறைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சிலருக்குக் கொஞ்சம். நரம்பு வலியிலும், சில நரம்பு நோய்களில் வரும் தசை இறுக்கத்திலும் பலன் கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் 2019-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு, தீராத வலிக்கு டி.எச்.சி. மருந்துகளைத் தர வேண்டாம் என்றது. 2021-இல் வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கமும், பொதுவான பயன்பாட்டை ஆதரிக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. பக்கவிளைவுகளும் உண்டு: தலைசுற்றல், மயக்கம், வயதானவர்கள் தடுக்கி விழுவது, சிலருக்கு மனப்பிறழ்வு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கஞ்சா எண்ணெய் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றி, ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். ரோட்டில் வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது.

இப்போது, கேட்டுப் பெற வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கஞ்சாவைப் பற்றிக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு மார்ஃபின் பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்கள்? புற்றுநோயின் கடும் வலிக்கு உலகம் முழுக்க நம்பும் மருந்து அது. அபின் கசகசாச் செடியிலிருந்து வருவதால் அதே 1985 சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பயந்தே பல ஆண்டுகள் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவில்லை. நோயாளிகள் அலறிக்கொண்டே செத்தார்கள். இதற்காகப் போராடியவர்களில் முன்னோடி, எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரத்தில் இருக்கும் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. மருத்துவமனை பல உரிமங்களுக்கு அலைய வேண்டாம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று போதும் என்று ஆனது.

ஆகவே, வீட்டில் ஒருவர் புற்றுநோய் வலியில் கிடந்தால், மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: "டாக்டர், இவருக்கு மார்ஃபின் தேவைப்படுமா? எங்கே கிடைக்கும்?" ஆசாரிப்பள்ளத்தில் கேளுங்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை எடுப்பவர்கள் அங்குள்ள வலித் தணிப்புப் பிரிவில் கேளுங்கள். மாத்திரையைப் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும் வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதற்கும் சேர்த்து மருந்து எழுதுவார்கள். அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்தில் குடும்பமே மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதுண்டு. அப்படிச் செய்யாதீர்கள், சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். சீட்டோடு வாங்கிய மார்ஃபினை நோயாளி வைத்திருப்பது குற்றமில்லை. களியக்காவிளை வழியாக வரும்போது சீட்டையும் பில்லையும் கையில் வைத்திருந்தால் போதும். 2018 முதல் டிரமடால் என்ற வலி மருந்தும் இதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்கும் சீட்டு வேண்டும்.

சாதாரண முதுகுவலிக்கோ மூட்டுத் தேய்மானத்துக்கோ மார்ஃபின் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அந்த வலிகளுக்கு வேறு வழிகள் உண்டு. எரிச்சலும் மின்னல் வெட்டுவது போன்ற குத்தலும் இருந்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. வழக்கமான வலி மாத்திரை அதில் பெரும்பாலும் பலிக்காது. "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எப்படி வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மாநில அரசின் திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வலித் தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில்தான். கட்டணம் கிடையாது, வருமானச் சான்றும் வேண்டாம். அகஸ்தீஸ்வரம் முதல் மேல்புறம் வரை ஒன்பது ஒன்றியங்களில் நீங்கள் எதில் இருந்தாலும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ நோயாளியின் பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும். 104-க்கு அழைத்தும் வழி கேட்கலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு போன்ற பெரிய செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், தகவலுக்கு 1800 425 3993.

ஏற்கெனவே வலிக்காகக் கஞ்சா பழகிவிட்டவர்கள் இதைப் படித்தால், ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மயக்க மருந்து கொடுப்பவரிடம் மறைக்கவே கூடாது, மருந்தின் அளவே மாறும்.

செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில், இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள், காலியானதையும் சேர்த்து. எந்த நேரத்தில் வலி கூடுகிறது, இரவில் எத்தனை முறை எழுப்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது என்பதால், தீர்ந்துபோகும் வரை விடாமல் ஒரு வாரம் இருக்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.