"எல்லாம் வரும் பாய்" என்று சொல்லி விற்காதீர்கள்

வேலூரைச் சுற்றி ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் என்று கடை கடையாகப் போய் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் புதிதாகப் போடக் கூப்பிடுகிறவர்களைவிட, வேறொருவர் விற்றுவிட்டுப் போனதைச் சரிபண்ணக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். போய்ப் பார்த்தால் சாஃப்ட்வேரில் கோளாறு இருக்காது. விற்கும்போது பேசிய பேச்சில்தான் கோளாறு.

கடைசியாகப் போனது ஆம்பூரில் ஒரு செருப்பு மொத்தக் கடை. அங்கே சரக்கு செட்டாகப் போகும். ஒரு அட்டைப்பெட்டியில் 6 முதல் 10 வரை எல்லா சைஸும் கலந்திருக்கும். சில பேர் வந்து, "எட்டும் ஒன்பதும் மட்டும் குடுங்க" என்பார்கள். பெட்டியைப் பிரித்துவிட்டால், மிச்சத்தில் எந்த சைஸ் எத்தனை ஜோடி என்று தெரிந்தாக வேண்டும். கடைக்காரருக்கு விற்கப்பட்ட சாஃப்ட்வேரில் ஜோடிக் கணக்கு மட்டும்தான் உண்டு, சைஸ் கணக்கு இல்லை. விற்ற பையன் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: "ஃபுல்லா கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் பாய், எல்லாம் வரும்." தன் கடை நடைமுறைக்கு ஏற்ப மாற்றித் தருவார்கள் என்று இவர் நம்பிவிட்டார். பையன் மனதில் இருந்தது, பில்லின் மேல் கடைப் பெயரையும் லோகோவையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது. இன்றைக்கு அங்கே கணக்கு எழுதும் அம்மா சைஸ் கணக்கை நீள நோட்டில் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் பணம் கட்டி வாங்கியும் அந்த அம்மாவுக்கு இரண்டு மடங்கு வேலை.

"பாய், இதுல மொத்தம் எத்தனை ஜோடி இருக்குன்னு தெரியும். எந்த சைஸ் எத்தனைன்னு தெரியாது." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். வியாபாரம் கைவிட்டுப் போயிருக்கலாம். போகட்டும். அந்தக் கடைக்காரர் இன்னும் பத்துப் பேரிடம் உங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருப்பார்.

எனக்கு ரொம்பவும் எரிச்சல் தரும் நம்பிக்கை ஒன்று உண்டு. ரெடிமேட் சாஃப்ட்வேர் என்றால் இன்று போட்டு நாளைக் காலை பில் அடிக்கலாம் என்பது. முடியாது. சாஃப்ட்வேர் காலியாகத்தான் வரும். கடையில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சரக்கின் பெயர், வாங்கிய விலை, விற்கும் விலை, எச்எஸ்என் எண் (சரக்கு வகைக்கான ஜிஎஸ்டி குறியீடு), வரி விகிதம், இன்றைக்குக் கையிருப்பு எவ்வளவு, இத்தனையும் யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதும் ஏற வேண்டும். அதற்கு முன்னால் சரக்கை எண்ண வேண்டும். பழைய நோட்டில் இருக்கும் ஸ்டாக்கை நம்பி ஏற்றினால், அந்தத் தப்பு கம்ப்யூட்டரிலும் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஒரே செருப்பை மூன்று பேர் மூன்று பெயரில் ஏற்றிவிட்டால் ஸ்டாக் மூன்று இடத்தில் சிதறும். இந்த வேலைக்கு நாள்கணக்கில் ஆகும். யார் செய்வது, கடை ஆளா, விற்கிறவரின் ஆளா, அதற்குத் தனிக் காசு உண்டா என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே பேசுங்கள். இந்த வேலையை "டேட்டா மைக்ரேஷன், மாஸ்டர் கிரியேஷன்" என்று ஓட்டிவிட்டுப் போகாதீர்கள்.

வரி மாற்றமும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் ஆனது. அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18. சாஃப்ட்வேர் தானாகவே மாற்றிக்கொள்ளும் என்று நினைத்துப் பழைய விகிதத்திலேயே பில் போட்ட கடைகள் உண்டு. பல சாஃப்ட்வேர்களில் வரி விகிதம் ஒவ்வொரு சரக்கோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம்தான் மாற்ற வேண்டும். "ஜிஎஸ்டி ரெடி" என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது தவறு.

இ-இன்வாய்ஸ், அதாவது அரசு தளத்தில் பதிவாகும் பில், அதுவும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல், 2017-18 தொடங்கி ஏதாவது ஒரு நிதியாண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், ஜிஎஸ்டி பதிவு உள்ள இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லுக்கும் ஏற்றுமதி பில்லுக்கும்தான் அது கட்டாயம். கம்ப்யூட்டரில் அடித்த பில் எல்லாம் இ-இன்வாய்ஸ் ஆகிவிடாது. அரசு தளத்தில் பதிவாகி எண்ணும் க்யூஆர் கோடும் வர வேண்டும். அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும் கடையில் இதைக் காட்டிக் கூடுதலாகக் காசு வாங்காதீர்கள்.

"கிளவுட்" என்றும் விட்டுவிடாதீர்கள். "உங்க கணக்கு இந்த கம்ப்யூட்டர்ல இருக்காது, எங்க கம்பெனி பார்த்துக்கிற இடத்துல இருக்கும். நெட் இல்லன்னா பில் போட முடியாது" என்று சொல்லுங்கள். நெட் இல்லாமலும் ஓடும் என்றால் அதையும் சொல்லுங்கள். கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ரகமா? அப்படியானால் கடை மூடும்போது தினமும் ஒரு காப்பி எடுக்க வேண்டும், அதை யார் எடுப்பது என்று பெயர் சொல்லிப் பொறுப்பு ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். டெமோவில் "ஏபிசி டிரேடர்ஸ்" பில்லைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். நேற்றைய உங்கள் பில்களையே எடுத்து வையுங்கள்: ஒரு கடன் பில், சரக்கு திரும்பி வந்த பில் ஒன்று, பாதி செட் போனது, தப்பாகப் போட்டு ரத்து செய்தது. அவற்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் மட்டும் உட்காராதீர்கள், தினமும் கணக்கு எழுதுகிறவரையும் உட்கார வையுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அவருக்குத்தான் தெரியும்.

வருஷப் பணம் எதற்கு என்றும் கேளுங்கள். சில சாஃப்ட்வேர் ஒருமுறை வாங்கினால் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷப் பணம் கட்டாவிட்டால் புது மாற்றங்கள் மட்டும் வராது. சிலவற்றில் கட்டாவிட்டால் பில்லே போட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே நாளை இந்த சாஃப்ட்வேரை விட்டுப் போனால் பழைய பில்கள் எல்லாம் எக்ஸெல்லில் கைக்கு வருமா என்று கேட்டு, டெமோ அன்றே ஒரு மாத பில்லை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.