வீட்டு நாஸை வெளியூரிலிருந்து திறப்பது எப்படி?

வீட்டு வைஃபையில் இருக்கும்வரை நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் இணைத்து வைக்கும் கோப்புச் சேமிப்புக் கருவி) உள்ள படங்களும் ஆவணங்களும் உடனே திறக்கும். வாசலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் 192.168.1.20 என்ற அதே முகவரி எதற்கும் உதவாது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்வலையமைப்புக்கென ஒதுக்கப்பட்டவை. எத்தனையோ வீடுகளில் அதே எண் இருக்கும். இணையத்துக்குத் தெரிவது ரவுட்டரின் பொது ஐபி, அதாவது அதன் இணைய முகவரி மட்டுமே. உள்ளிருந்து போகும் கோரிக்கையை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துவைத்து, வரும் பதிலை உரிய கருவிக்கு அனுப்பும். கேட்காமல் வரும் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) அதில் பதிவு இல்லை, அதனால் தள்ளிவிடும்.

இதைத் தாண்டப் பலரும் செய்வது போர்ட் ஃபார்வர்டிங்: ரவுட்டரில் ஒரு போர்ட்டை (ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலை) திறந்து நாஸுக்குத் திருப்பிவிடுவது. நாஸின் நிர்வாகப் பக்கத்தையோ, விண்டோஸ் கோப்புப் பகிர்வு நடக்கும் 445-ஆம் போர்ட்டையோ இப்படித் திறக்கவே கூடாது. அந்தக் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பரவியது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு பணயத் தீம்பொருள், இணையத்தில் நேரடியாகத் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவன நாஸ்களின் கோப்புகளைப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. வலுவான பாஸ்வேர்டு இருந்தாலும் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் காப்பாற்றாது.

சரியான வழி விபிஎன், அதாவது வீட்டு வலையமைப்புக்குள் போகும் மறையாக்கப்பட்ட பாதை. அதற்கான மென்பொருள்களில் வயர்கார்டு எளிமையானது, 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. அறிந்த சாவியோடு வராத பாக்கெட்டுக்கு அது பதிலே தராது. எனவே போர்ட்களைத் தேடி அலையும் ஸ்கேனர்களுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது.

ஆனால் அமைப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி (WAN IP, ரவுட்டரின் இணையப் பக்க முகவரி) என்று காட்டுவதும், ஐபி காட்டும் தளத்தில் தெரிவதும் ஒன்றுதானா? வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போதும். அதில் இரு முனைகளும் வெளிநோக்கியே இணைப்பைத் தொடங்கி நடுவில் சந்திக்கின்றன. நேரடி வழி அமையாவிட்டால் இடைச் சர்வர் வழியாகப் போகும், வேகம் குறையும்.

பொது ஐபி இருந்தால், முதலில் ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு உள்முகவரி வழங்கும்) பகுதியில் நாஸுக்கு மாறாத உள்முகவரி கொடுங்கள். வயர்கார்டை ரவுட்டரிலோ நாஸிலோ நிறுவுங்கள். நாஸில் நிறுவினால் வயர்கார்டு வழக்கமாகப் பயன்படுத்தும் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் அதற்குத் திருப்பிவிடுங்கள். பொது ஐபி அவ்வப்போது மாறும் என்பதால் ஐபி மாறினாலும் அதைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று தேவை. ரவுட்டரில் நிறுவியிருந்தால், போனின் ‘அலவ்டு ஐபி’ பகுதியில் 192.168.1.20/32 (அந்த ஒரே முகவரி) என்று போட்டால் நாஸ் போக்குவரத்து மட்டும் விபிஎன் வழியே போகும். சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே தன் பொது ஐபியைத் தேடிப்போவதைப் பல ரவுட்டர்கள் கையாள்வதில்லை.

விபிஎன் இணைந்தும் நாஸ் திறக்கவில்லையென்றால், தங்கும் விடுதியின் வலையமைப்பும் 192.168.1 ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாக்கெட் வீட்டுக்குப் போகாமல் விடுதிக்குள்ளேயே சுற்றக்கூடும். வீட்டு வலையமைப்பை 192.168.73 போன்ற அரிய எண்ணுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. சிறிய கோப்புகள் திறந்து பெரியவை பாதியில் நின்றால், வயர்கார்டு அமைப்பில் எம்டியூ மதிப்பை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) 1420-இலிருந்து 1412 அல்லது 1280 ஆகக் குறைத்துப் பாருங்கள்.

வேகத்தைத் தீர்மானிப்பது வீட்டு இணைப்பின் அப்லோடு. அது 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பிதான், 4 ஜிபி வீடியோவுக்கு ஏறத்தாழ 27 நிமிடம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள ஃபோல்டர் இன்னும் தாமதமாகும். ஒவ்வொரு கோப்புக்கும் சில கேள்வி-பதில்கள் போய்வர வேண்டும் அல்லவா? அன்றாடம் தேவைப்படும் ஃபோல்டர்களை சிங்க்திங் போன்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருளால் லேப்டாப்பிலும் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்வந்ததும் நாஸ் தானே இயங்கும் வசதியையும் ஊருக்குக் கிளம்பும் முன் இயக்கி வையுங்கள்.