கீழ் இலையில் நோய், மேல் இலையில் இல்லை

1928-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்கார்ட் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி. கீழ் இலைகள் முழுக்கக் காய்ந்துபோன வளையத் தழும்புகள். மேலே போகப் போகத் தழும்பு குறைகிறது. உச்சியில் புதிதாக விரிந்த இலைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த நல்ல இலையில் அதே வைரஸை மறுபடி தேய்த்தாலும் நோய் வரவில்லை.

செடிக்கு ரத்தம் கிடையாது, வெள்ளை அணுக்களும் கிடையாது. அப்புறம் எப்படி அது வைரஸை அடையாளம் கண்டது? கண்டதை எப்படி உச்சிவரை சொல்லியனுப்பியது? விடை கிடைக்க எழுபது வருடம் ஆனது.

முதல் துப்பு ஒரு பூவில் கிடைத்தது. பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க, நிறத்துக்கான மரபணுவைக் கூடுதலாகச் செருகிப் பார்த்தார்கள். பூத்ததோ வெள்ளை! செருகிய மரபணுவோடு செடியின் சொந்த மரபணுவும் அடங்கிப் போயிருந்தது. இது 1990-இல் வெளிவந்தது. 1999-இல் இங்கிலாந்தில் ஹாமில்டனும் பால்கோமும், இப்படி மரபணு அடங்கிப்போன செடிகளிலும் வைரஸ் தாக்கிய செடிகளிலும் சுமார் 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ துண்டுகளைக் கண்டார்கள். ஆர்என்ஏ என்பது மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் இழை; அதில் வரிசையாக இருக்கும் வேதி அலகுகள்தான் ‘எழுத்துகள்’. முடிச்சு அவிழத் தொடங்கியது.

பெரும்பாலான தாவர வைரஸ்களின் மரபணுத் தொகுதி ஆர்என்ஏதான். அது தன்னை நகலெடுக்கும்போது இரட்டை இழையாகிறது. செல்லின் சொந்தச் செய்திகள் ஒற்றை இழையில் போகிறவை. ஆக, நீளமான இரட்டை இழையைப் பார்த்தாலே செல்லுக்குச் சந்தேகம். டைசர் என்ற நொதி அதைப் பிடித்து 21, 22 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. அதில் ஓர் இழையை ஆர்கோனாட் என்ற புரதம் கையில் வைத்துக்கொள்கிறது, தேடப்படுபவரின் படத்தைப் போலீஸ்காரர் வைத்துக்கொள்வதைப் போல. அந்த எழுத்துகளோடு பொருந்தும் ஆர்என்ஏ எதிரே வந்தால் உடனே வெட்டு. இந்தத் துண்டுகள் செல்களுக்கிடையே உள்ள நுண்துளைகள் வழியாகவும், உணவு கடத்தும் குழாய்கள் வழியாகவும் மேலே பரவுகின்றன. இளம் இலை, வைரஸ் வருவதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான்: எதிரியின் உடலிலிருந்து வெட்டியதையே செடி ஆயுதமாக்குகிறது.

சரி, அப்படியானால் செடிகளுக்கு ஏன் இன்னும் வைரஸ் நோய் வருகிறது? வைரஸ்களும் சும்மா இருக்கவில்லை. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸின் பி19 என்ற புரதம், அந்தக் குட்டித் துண்டுகளை இரு முனையிலும் கவ்விக்கொள்கிறது. ஆர்கோனாட்டின் கைக்கு எதுவும் போய்ச் சேராது. உருளைக்கிழங்கின் ஒய் வைரஸும் எக்ஸ் வைரஸும் ஒரே செடியில் சேர்ந்தால் நோய் பல மடங்கு கடுமையாவதும் இதனால்தான். ஒய் காவலை முடக்குகிறது, எக்ஸ் தாராளமாகப் பெருகுகிறது.

இந்த அறிவு ஒரு ஊரின் பிழைப்போடு சேர்ந்தது ஹவாயில். அங்கே பூனா பகுதியின் பப்பாளித் தோட்டங்களில் 1992-இல் வளையப்புள்ளி வைரஸ் நுழைந்தது. அசுவினிகள் பரப்பும் நோய். பாதித்த மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை. ஹவாயிலேயே பிறந்த டென்னிஸ் கொன்சால்வஸின் குழு, வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைப் பப்பாளிக்குள் முன்பே வைத்திருந்தது. 1998-இல் ‘ரெயின்போ’ ரக விதை விவசாயிகளின் கைக்கு வந்தது. மரத்தைக் காப்பது அந்தப் புரதம் இல்லை, அந்த மரபணுவிலிருந்து வந்த ஆர்என்ஏ துண்டுகள் என்பது பின்னர்தான் தெளிவானது. நோயுற்ற மரங்களுக்கு நடுவிலேயே அந்தப் பப்பாளிகள் வளையமில்லாமல் காய்த்தன.