கொடி சுற்றிய பிள்ளையும் சுவிஸ் மாமாவும்

போன மாதம் ஒரு விடியப்புறம் சுகப்பிரசவம். பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பிறந்த கையோடு முழு விடுதியையும் எழுப்பிவிடுகிற அழுகை. வெளியே வந்து சொன்னதும் அம்மம்மா கேட்ட முதல் கேள்வி இது:

"டொக்டர், கொடி சுத்தியிருந்ததோ?"

"ஓம் அம்மா, ஒரு சுத்து. தலைக்கு மேலால கழட்டிவிட்டாச்சு. பிள்ளை நல்ல சுகம்."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்குக் கூடாது. மாமனோ ஒரே ஆள், சுவிசில் இருக்கிறார், வீட்டுச் செலவு முழுக்க அவர் தலையில். பின்னேரம் ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். கட்டிலில் ஒரு சில்வர் தட்டு, அதில் நல்லெண்ணெய். தட்டுக்குப் பக்கத்தில் அம்மம்மா பிள்ளையைக் குனித்துப் பிடித்திருக்கிறார், தாய் வட்ஸ்அப்பில் அண்ணனைக் கூப்பிட்டு ஃபோனை எண்ணெய்க்கு நேரே காட்டுகிறாள். மாமன் பிள்ளையின் முகத்தை முதலில் எண்ணெயில்தான் பார்க்கவேண்டுமாம். "தெரியுதோ அண்ணா?" "மேல இருக்கிற லைட்தான் தெரியுது, கொஞ்சம் சரிச்சுப் பிடி."

பிள்ளையின் மூக்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்றால் அந்த இடத்திலேயே ஒரு விரிவுரை நடத்தியிருப்பேன்.

விரிவுரைக்கான விஷயம் சின்னதுதான். தொப்புள்கொடி ஏறத்தாழ அரை மீற்றர் நீளம். பிள்ளை தண்ணீர்க்குடத்துக்குள் புரண்டு விளையாடும்போது அது கழுத்தில் விழுந்துவிடும். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் இதைப் பார்க்கிறோம். கொடிக்குள் இருக்கும் இரத்தக் குழாய்களைச் சுற்றி ஜெலி மாதிரி ஒரு பொருள் இருப்பதால் அவை லேசில் நசுங்காது. பிரசவ வலியின்போது பிள்ளையின் இதயத் துடிப்பை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு, அரிதாக அது இறுகிவிடலாம் என்பதும் ஒரு காரணம். நாலைந்து பிள்ளைக்கு ஒரு மாமன் வீதம் ஆபத்து என்றால் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு மாமன்மாரே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கடல் கடந்தால் கதை தலைகீழ். சில பிள்ளைகள் பனிக்குடச் சவ்வு தலையில் ஒட்டியபடி, தொப்பி போட்டதுபோலப் பிறக்கும். முந்தி இங்கிலாந்தில் அது பெரிய அதிர்ஷ்டம். அந்தச் சவ்வை வைத்திருப்பவன் தண்ணீரில் மூழ்கமாட்டான் என்று கப்பலோட்டிகள் காசு கொடுத்து வாங்கினார்கள். அதிர்ஷ்டசாலியை ரஷ்யர்கள் இன்றைக்கும் 'சட்டையோடு பிறந்தவன்' என்றுதான் சொல்கிறார்கள். கொடியும் சவ்வும் பிறந்த கொஞ்ச நேரத்தில் நாங்கள் அகற்றிவிடுகிற பொருட்கள். ஒரு ஊரில் அதற்கு விலை, இன்னொரு ஊரில் அதற்குப் பரிகாரம்.

எண்ணெய்த் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது கிரகணம்.

2019 மார்கழி 26ஆம் திகதி காலையில் வந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதை யாழ்ப்பாணத்துக்கு மேலால் போனது. அன்று கர்ப்பிணித் தாய்மார் பலர் கதவு, யன்னல் சாத்தி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வீட்டுக்குள் இருந்தார்கள். சுகதேகியான ஒருவருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் சாப்பிடாததால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒரு தாய் வழமைபோல இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, கிரகணம் முடியட்டும் என்று சாப்பிடாமல் இருந்துவிட்டார். வேர்த்து நடுங்கி, பேச்சுக் குழறக் கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்பதுதான் அன்றைக்கு எல்லாருக்கும் இருந்த உண்மையான எச்சரிக்கை, அது வயிற்றுப் பிள்ளைக்காகச் சொல்லப்பட்டதுமில்லை.

இந்தப் பயத்தின் அடியில் இருப்பது உதட்டுப் பிளவு. கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தி, ஊசி தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள். மெக்சிக்கோவிலும் அச்சொட்டாக இதே பயம் உண்டு. கிரகணம் நிலவைக் கடித்ததுபோலப் பிள்ளையின் வாயையும் கடித்துவிடுமாம். அதற்கு அங்கே காவல் என்ன தெரியுமா? கர்ப்பிணியின் உள்ளாடையில் ஊசி குத்திவிடுவது. இங்கே தொடவே கூடாத ஊசி!

மேலுதடு பொருந்துவது கருவின் நாலாம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில். 'தள்ளிப் போய்விட்டதோ' என்று தாய் நாள் எண்ணத் தொடங்குகிற காலம் அது. ஏழாம் மாதத்தில் வந்த கிரகணம் பொருந்தி முடிந்த உதட்டைத் திரும்பப் பிளக்காது. உலகளவில் ஏறத்தாழ 700 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை பிளவோடு பிறக்கிறது. பரம்பரை ஒரு காரணம். புகைத்தல், கர்ப்பத்துக்கு முன்பே இருந்த நீரிழிவு, சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாமல், பிள்ளைக்கு யோசிக்கும்போதே வந்து கதைத்தால் மாற்றித் தரலாம். உதட்டுச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். தழும்பு இருக்கும், ஆனால் தேடிப் பார்க்கவேண்டி வரும்.

அப்படிப் பிறந்த ஒரு பிள்ளையின் தாயை மறக்க முடியவில்லை. மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் மெல்லக் கேட்டாள்: "டொக்டர், நான் அண்டைக்கு மீன் வெட்டினனான். மாமி கண்டவ." அவள் சொன்ன கிரகணம் அவளுக்கு ஆறாம் மாதத்தில் வந்தது. அதன் பிறகு பிளவோடு பிள்ளை பிறந்தால், தாய் கேட்கும்வரை நான் காத்திருப்பதில்லை. மாமி, அப்பம்மா, கணவன் எல்லாரையும் கட்டிலடியில் நிற்க வைத்து, நாலாம் கிழமை ஏழாம் கிழமைக் கணக்கை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பார்த்தவரையில் கெட்ட சகுனங்களில் பாதிக்கு மேல் ஒரு பெண்ணின் பெயரில்தான் பதியப்படுகிறது. காலையில் வாசலில் கைம்பெண் எதிர்ப்பட்டால் முழுவியளம் சரியில்லை என்று திரும்புகிறோமே, மனைவியை இழந்த ஆணைக் கண்டு யார் திரும்புகிறார்கள்?

பெண் மூலம் நிர்மூலம் என்பதும் இந்த வகைதான். யப்பானில் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது. எங்களைப் போலவே அவர்களுக்கும் 60 வருடச் சக்கரம். அதில் 'நெருப்புக் குதிரை' வருடத்தில் பிறக்கும் பெண் கணவனை விழுங்குவாள் என்பார்கள். 1965இல் 18 இலட்சத்துக்கு மேல் பிறப்புகள். நெருப்புக் குதிரையான 1966இல் அது 13.6 இலட்சம். அடுத்த வருடம் 19 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு நாடே ஒரு வருடம் பிள்ளை பெறப் பயந்திருக்கிறது. அதே வருடம் திரும்ப வருவது 2026இல்.

இங்கே வருடத்தைத் தள்ளிப்போடுவதில்லை, நட்சத்திரத்தைத் தள்ளப் பார்க்கிறார்கள். சிசேரியன் என்று முடிவானால் சாத்திரியார் எழுதிய துண்டு என் மேசைக்கு வரும். தாய் வீட்டார் வாக்கிய பஞ்சாங்கம், தகப்பன் வீட்டார் திருக்கணிதம் என்றால் இரண்டு துண்டு, இரண்டு நேரம். 39 கிழமை முடிந்தபின் வரும் நாளென்றால் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வசதியைப் பார்த்து இயன்றவரை ஒத்துப்போவேன். அவசரம் எதுவும் இல்லாமல், நல்ல நாளுக்காக 37ஆம் கிழமையில் எடுங்கள் என்றால் மாட்டேன். அப்படி எடுக்கிற பிள்ளைக்கு மூச்சுத்திணறும் வாய்ப்புக் கூட. நல்ல நட்சத்திரத்தில் பிறந்து குறைமாதப் பிள்ளைகள் பிரிவில் கிடப்பதற்கு எந்தச் சாத்திரியாரும் பலன் எழுதித் தந்ததை நான் காணவில்லை. (எட்டாம் கட்டில் சனியன் என்று மாற்றிக் கேட்பவர்களுக்கு, இடம் இருந்தால் மாற்றிக் கொடுப்பேன். சீனர்களுக்கு எட்டு என்றால் உயிர். பீஜிங் ஒலிம்பிக்கை 2008ஆம் ஆண்டு எட்டாம் மாதம் 8ஆம் திகதி இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள்.)

நான் விட்டுக்கொடுக்காதது நேரத்தில் மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து நாள் பிள்ளை மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. மூன்று மணி, இராகு காலம். நாலரை கழியட்டும் என்றார்கள். பிறகு செவ்வாய்க்கிழமை பச்சைப்பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோவதா என்று கதை. பிறகு விளக்கு வைக்கிற நேரம். பிறகு இருட்டு. அடுத்த நாள் விடிய வந்தபோது உள்ளங்கால் வரை மஞ்சள், பால் குடிக்கத் தெம்பில்லை. நீல வெளிச்சத்தின் கீழ் வைத்து, நல்லகாலம், பிள்ளை தப்பியது. அந்த மஞ்சள் கடுமையாக ஏறினால் மூளையைத் தாக்கும்.

பொட்டு வையுங்கள், செத்தல் மிளகாய் சுற்றிப் போடுங்கள், புகையை மட்டும் பிள்ளையிடம் விடாதீர்கள். ஆனால் பிள்ளை பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் காய்ந்தால், உடம்பு சில்லிட்டால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தால், வலிப்பு வந்தால், மஞ்சள் கை கால் வரை இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை என்றாலும் விடுதியில் ஆள் இருக்கும்.